ஆடுகளமும் நட்பும்

தொல்காப்பியனார் தம் நூலின் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன் நான்கெனக் கூறினார். செல்வத்தை நுகர்தல், ஐம்புலனால் நுகர்தல், காதலர் கூட்டம் என்னும் மூன்றனோடு விளையாட்டினையும் அவர் வைத்து எண்ணினார். பெருமிதம் பிறக்குமிடங் கூறுங்கால் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்பனவற்றைக் கூறினாரேயன்றி, விளையாட்டினைக் கூறினாரல்லர். வெகுளி பிறக்குமிடத்தும் அதனைக் கூறினாரல்லர். இதனால், விளையாட்டின் நேரிய பயன் உவகையே என்பதும், பெருமிதமும் சினமும் அதன்மேல் நாம் ஏற்றிக்கொண்டனவே என்பதும் பெறப்படும் என யாம் கருதுகின்றோம். வகுப்பறையில் ஏட்டை விரித்துவைத்துப் படிக்குங்கால் இவ்வுண்மை எளிதில் விளங்குகின்றது. பல்லாயிரவர் கூடி ஆரவாரிக்கும் ஆடுகளத்திலோ அதனினும் எளிதில் மறந்துபோகின்றது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் நம் மதுரை மாநகர் பன்னாட்டு இளைஞர்களைத் தன்பால் வரவேற்று ஆடக் கண்டது. அந்நிகழ்ச்சியை வைத்து, ஒரு போட்டியின் சிறப்பை எதனால் அளத்தல் தகும் என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

ஹாக்கி என வழங்கும் வளைகோற்பந்தாட்டத்தில், 21 வயதிற்குட்பட்ட ஆடவர்க்கெனத் தனியே ஓர் உலகக்கோப்பைப் போட்டி உண்டு. அது 1979இல் பிரான்சு நாட்டு வெர்சேல் நகரில் முதன்முதல் நடைபெற்றது. அதன் பதினான்காம் போட்டி 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 முடியச் சென்னை எழும்பூரிலும், நம் மதுரை ரேஸ்கோர்ஸ் பகுதியில் எழுப்பப்பெற்ற புதிய பன்னாட்டு அரங்கிலுமாக நிகழ்ந்தது. முன்னர்ப் பதினாறு நாடுகளே கலந்துகொண்ட அப்போட்டியில் இம்முறை இருபத்துநான்கு நாடுகள் கலந்துகொண்டன. ஜெர்மனி கோப்பையைப் பெற்றது, ஸ்பெயின் இரண்டாவதாயிற்று, நம் இந்தியா, ஆர்ஜென்டினாவை நான்கிற்கு இரண்டு என்னுங் கணக்கில் வென்று மூன்றாமிடம் எய்தியது. இவை யாவும் செய்தித்தாள்களில் விரிவாக வந்தன. ஆதலின் ஆட்டங்களை மீண்டும் விவரித்தல் எம் கருத்தன்று. அத்தாள்கள் ஒரு வரியிற் கூறிக் கடந்துசென்ற செய்திகள் சில உள. அவையே எம் சிந்தையைக் கவர்ந்தன.

அவற்றுள் ஒன்று, நவம்பர் 29ஆம் நாள் மதுரையில் இந்தியாவும் ஓமானும் ஆடிய ஆட்டமாகும். நம்மவர் பதினேழு கோல்கள் இட்டனர். ஓமானியர் ஒன்றும் இட்டாரல்லர். மறுநாள் எங்கும் இதனைப் பற்றியே பேச்சு. 'இத்துணை எளியோரை உலகக்கோப்பைக்கு அழைத்தது ஏன்? வல்லார் எண்மர் மட்டும் ஆடினால் ஒவ்வோர் ஆட்டமும் காணத்தக்கதாய் இருக்குமன்றோ?' என்று வினவினார் பலர். வினா நேரியதுபோலத் தோன்றும். கட்டணமின்றி உள்ளே விடப்பெற்றாரேனும், வெயிலிலும் நெரிசலிலும் வந்து அமர்ந்தவர் கடும்போட்டியைக் காண விரும்புதல் இயல்பே. ஆயினும் இவ்வினா ஆடுவோரை மறந்து, காண்போரை மட்டும் எண்ணி எழுந்ததாகும்.

இவ்விளையாட்டின் பழைய வரலாற்றைச் சற்றே திரும்பி நோக்குவோம். 1932இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் இந்தியா அமெரிக்காவை இருபத்துநான்கிற்கு ஒன்று என்னுங் கணக்கில் வென்றது. ஜப்பானைப் பதினொன்றிற்கு ஒன்று என வென்றது. இதனை நம் பாட்டனார் காலத்திலிருந்து பெருமையோடு கூறிவருகிறோம். ஆனால் அப்போட்டிக்கு வந்திருந்த அணிகள் மூன்றே என்பதனைக் கூறுவார் சிலரே. வேறு எவரும் வந்திலர். அமெரிக்கரும் ஜப்பானியரும், 'தோற்பது உறுதி. களத்தில் இறங்கி நாணுவது எற்றுக்கு?' என்று எண்ணி வாராது ஒழிந்திருப்பின், தியான்சந்தும் அவர்தம் இளவல் ரூப்சிங்கும் பெற்ற பொற்பதக்கம் எங்கே? வென்றவன் தன் வெற்றிக்குத் தோற்றவனிடம் கடன்பட்டிருக்கிறான். எதிர்நின்று ஆடுவார் இல்லாத களத்தில் வலியவன் ஒருவனே நின்றால், அவன் ஆடுகின்றானல்லன். கோலை வீசிக்கொண்டு நிற்கின்றான்.

இனி, தோல்வி எவ்வாறு பயன்படும் என்பதற்கும் இவ்வரலாற்றிலேயே சான்றுண்டு. 1936இல் பெர்லின் நகருக்குச் சென்ற இந்திய அணியினர், ஒலிம்பிக் தொடங்குமுன் ஜெர்மானியரோடு பயிற்சிக்காக ஒரு நட்புப் பந்தயம் ஆடினர். அதில் ஒன்றுக்கு நான்கு எனத் தோற்றனர். அதற்குப் பதக்கமில்லை, பட்டியலில் இடமில்லை. எனினும் அத்தோல்வி தியான்சந்தின் அணியினரை விழிக்கச்செய்தது. தம் குறையை உணர்ந்து, அலி இக்திதார் ஷா தாரா என்பாரைத் தாயகத்திலிருந்து வருவித்து அணியைத் திருத்திக்கொண்டனர். ஆகஸ்டு 15ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் அதே ஜெர்மனியை எட்டிற்கு ஒன்று என வென்றனர். அந்த நட்புப் பந்தயம் நிகழாதிருப்பின் இந்த வெற்றி உறுதியாயிருக்குமோ என்பது ஐயமே. பரிசில்லாத பந்தயம் பயனில்லாதது என எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

மதுரைக்கு வந்த அணிகளுள்ளும் இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. வங்கதேசம் இவ்வுலகக்கோப்பையில் ஆடியது இதுவே முதன்முறை. பதினாறு நாடுகளே அழைக்கப்பெற்றிருப்பின் அதற்கு வாயில் திறந்திருக்குமோ என்பது ஐயம். வந்த அவ்வணி இருபத்துநான்கனுள் பதினேழாம் இடம் பெற்று மீண்டது. பதினேழாம் இடம் என்பது செய்தித்தாளின் தலைப்பில் வருவதன்று. ஆனால் டாக்கா நகரத்துச் சிறுவன் ஒருவனுக்கு அது, உலகத்தின் முன் நம்மவரும் நிற்கக்கூடும் என்னும் நம்பிக்கையைத் தந்திருக்குமன்றோ? கதவு அகலத் திறந்தமையால் உள்வந்தோர் ஆகார் என்று எவர் அறுதியிட்டுரைப்பார்? ஆதலின், போட்டி ஒன்றின் பெருமையை வென்றவர் இட்ட கோல்களால் அளவாது, ஆடவந்தோர் தொகையாலும், அவர் ஆடிப்பெற்ற உவகையாலும் அளத்தலே முறை என்பது எம் துணிபு.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு பார்க்குங்கால், மதுரையில் நிகழ்ந்தது முழுநிறைவுடையது எனக் கூறுதற்கு நா எழவில்லை. ஓமான் அணியினர் வந்தது, வேறொருவர் வாராமையால். இந்தியா ஆடிய பிரிவில் முதலிற் குறிக்கப்பெற்றிருந்த பாகிஸ்தான் அணி 2025 அக்டோபரில் விலகிக்கொண்டது. அவ்விடத்தை நிரப்பவே ஓமான் அழைக்கப்பெற்றது. 1979இல் நடந்த முதற்போட்டியில் கோப்பையை வென்ற நாடு எதுவெனில், அந்தப் பாகிஸ்தானேயாம். அது இல்லாமலே பதினான்காம் போட்டி நடந்தேறிற்று.

இவ்விடத்தில் எம்மை மாறுபடக் கொள்ளற்க. 2025 ஏப்ரலில் பகல்காமில் குற்றமற்ற மக்கள் கொல்லப்பட்டமையும், அதன்பின் இருநாட்டெல்லையில் நிகழ்ந்தனவும் யாவரும் அறிவர். மாண்டோர் இல்லங்களில் எழுந்த அழுகையின் முன்னர், 'விளையாட்டைப் பாருங்கள்' என்று கூறுதல் நாகரிகமன்று. நாட்டின் காவலைப் பற்றி முடிவுசெய்தல் எம்மனோராகிய மாணவர்க்கு உரியதுமன்று. ஆயினும் ஒன்றுமட்டுங் கூறுவோம். அவ்வாண்டு செப்டம்பரில் ஆசியக் கோப்பைக் கிரிக்கெட் ஆட்டத்தின்பின் இருநாட்டு வீரரும் கைகுலுக்காமற் பிரிந்தனர். அக்டோபர் 14ஆம் நாள் மலேசியாவில், ஜோகூர் சுல்தான் கோப்பைக்காக இருநாட்டு இளையோரும் வளைகோற்பந்து ஆடினர். ஆட்டத்திற்கு முன் ஒருவர் கையை ஒருவர் தட்டி வாழ்த்திக்கொண்டனர். ஆட்டமும் மும்மூன்று கோல்களோடு வெற்றிதோல்வியின்றி முடிந்தது. அவ்விளைஞர் நம்மை ஒத்த வயதினர். அவர் எவருடைய அரசியலையும் மாற்றினாரல்லர். ஆனால் எதிர்நின்றவனும் தன்னைப்போல் ஒரு தாய் பெற்ற மகனே என்பதனை ஒரு கணம் நினைவூட்டினர்.

முன்னர்க் கூறிய தாராவின் வாழ்க்கையும் ஈண்டு நினைக்கத்தகும். 1936இல் இந்திய அணியில் நின்று பெர்லினில் வென்றவர் அவர். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கிற்குப் பாகிஸ்தான் அணியைத் தலைமைதாங்கி அழைத்துச் சென்றவரும் அவரே. நிலத்தின்மேல் கோடு கிழித்துவிடலாம். ஒருவன் ஒருகாலத்தில் தன்னோடு பந்தைப் பகிர்ந்துகொண்டவன் என்னும் நினைவின்மேல் கோடு கிழித்தல் எங்ஙனம்? அயலான் யாவன் என்று வினவிய நியாயசாஸ்திரிக்கு நம் ஆண்டவர் கூறிய சமாரியன் கதையில், அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவன், யூதர் எவனை அயலானென்று எண்ணவே மனங்கொள்ளாரோ, அவனேயன்றோ? இக்கதையை ஞாயிறுதோறுங் கேட்டு வளர்ந்த நாம், நம் வடமேற்கு அயலாரை என்றேனும் மதுரைக் களத்தில் காண்போம் என்னும் வேணவாவினை விட்டுவிடுதல் ஆகாது.

இனி, எம் கருத்துக்கு மாறான கருத்து ஒன்றையும் எண்ணிப்பார்த்தல் முறையாகும். 1945ஆம் ஆண்டில் மாஸ்கோவிலிருந்து டைனமோ என்னும் கால்பந்துக் குழுவினர் பிரித்தானியாவிற்கு வந்து நட்புமுறையில் சில ஆட்டங்கள் ஆடிச் சென்றனர். அவை சச்சரவில் முடிந்தன எனக் கண்ட ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், நாடுகளுக்கிடையே நடக்கும் விளையாட்டு நட்பை வளர்ப்பதின்று. பகையையே வளர்க்கின்றது என்று ஒரு கட்டுரை வரைந்தார். அவர் கூறியது முற்றும் பொய்யன்று. ஒரு நாட்டின் மானம் முழுவதையும் பதினொருவர் தோளில் ஏற்றிவைத்து, அவர் தோற்றால் நாடே தோற்றது எனப் புலம்புவோர் உள்ளவரை, அவர் சொல் மெய்யாகிக்கொண்டே இருக்கும். ஆனால் ஆர்வெல் கண்டது விளையாட்டின் இயல்பன்று. விளையாட்டில் பெருமிதத்தையும் வெகுளியையும் புகுத்தியதன் விளைவு. தொல்காப்பியனார் வகுத்த வரம்பை மீறினால் என்னாகும் என்பதற்கு அது சான்றாகுமேயன்றி, விளையாட்டையே விலக்குதற்குக் காரணமாகாது. நஞ்சு கலந்த பாலைக் கொட்டலாம். அதற்காகப் பசுவை விற்பாருண்டோ?

மேலும், வெற்றியோடு தோல்வியையும் மதிக்கும் வழக்கம் நம் பக்கத்தூர்களுக்குப் புதியதன்று. தைத்திங்களில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்னும் ஊர்களில் நிகழும் ஏறுதழுவலை நோக்குக. கலித்தொகையில் முல்லைக்கலி பாடிய காலந்தொட்டு வருவது அது. காளையைத் தழுவிய வீரனுக்குப் பரிசுண்டு. எவர் கைக்கும் அகப்படாத காளையை வளர்த்தவனுக்கும் பரிசுண்டு. மாட்டை அடக்கியவனை மட்டும் போற்றி, அடங்காத மாட்டை இகழ்வது அங்கே வழக்கமன்று. அவ்விழாவின் நினைவாக, 2025 உலகக்கோப்பையின் சின்னமாகக் காங்கேயன் என்னும் காளையுருவை அமைத்திருந்தனர். சின்னத்தை மட்டும் காட்டி நின்றுவிடாது, அவ்விழாவின் உள்ளீடாகிய இப்பெருந்தன்மையையும் விருந்தினர்க்குக் காட்டுதல் நம் கடன். திருவள்ளுவர் அன்புடைமையை எட்டாம் அதிகாரமாகவும் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாகவும் வைத்த முறையும் இதுபற்றியே போலும். அன்பு முன்னும் விருந்து பின்னும் வருதல் வேண்டும். பதினேழு கோல் வாங்கிய ஓமான் இளைஞர்க்கு, வென்றவர்க்கு நாம் தட்டிய கையொலியிற் பாதியேனும் தட்டினோமா என்பதே நம் விருந்தோம்பலுக்கு உரைகல்லாகும்.

விருந்தினர் ஊர் திரும்பிவிட்டனர். இனி எஞ்சிநிற்பது களம். அக்களம் யாருக்குரியது என்னும் வினாவே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

செயற்கைப் புல்தளம் இவ்விளையாட்டின் போக்கையே மாற்றியது என்பதனை வரலாறு காட்டும். 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்கிலும் இந்தியாவே வென்றது. 1975இல் கோலாலம்பூரில் உலகக்கோப்பையையும் வென்றது. அவையெல்லாம் புல்தரையில் ஆடியவை. 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத்தளம் முதன்முதலாக விரிக்கப்பட்டது. அவ்வாண்டு நாம் ஏழாம் இடத்திற்கு இறங்கினோம். 1980இல் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவிற் பெற்ற பொற்பதக்கத்தின்பின், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்விளையாட்டில் நமக்கு ஒலிம்பிக் பதக்கம் ஒன்றேனும் கிட்டவில்லை. செயற்கைத்தளத்தில் பந்து விரைந்தோடும்; அதனைத் தடுக்குங் கையும் மறிக்குங் காலும் வேறுவகையாகப் பழகுதல் வேண்டும். சரளைமண்ணிற் பழகிய சிறுவன், எத்துணைத் திறமுடையனாயினும், திடீரென அத்தளத்தில் இறங்கினால் தடுமாறுவான். அத்தளம் விரித்தற்குப் பொருள் மிகவும் வேண்டும்; பெரும்பாலும் ஆட்டத்திற்கு முன் நீர்தெளித்து நனைத்தலும் வேண்டும். ஆகவே செல்வநாடுகளில் ஊருக்கொன்றாக எழுந்த அத்தளம், நம் நாட்டில் நகருக்கு ஒன்றேனும் இல்லாதிருந்தது. இந்திய வளைகோற்பந்து தளர்ந்ததற்கு இஃதொரு முதன்மையான காரணம் என்பர் அறிந்தோர்.

இத்தகைய களம் ஒன்று மதுரையில் அமைந்தது பெருஞ்செல்வம் என்பதில் ஐயமில்லை. வையையின் இருகரையிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கங்களிலும் வற்றிய கண்மாயிலும் அறுவடை முடிந்த வயலிலும் ஆடித்திரியும் பிள்ளைகள் எண்ணிலர். நமக்குத் தெற்கே கோவில்பட்டி என்னும் ஊர், கரிசற்காட்டின் நடுவே இருந்துகொண்டே, தலைமுறை தலைமுறையாக வளைகோற்பந்து வீரர்களைத் தந்துவருகின்றது. அவ்வூர்க்கு அது கைகூடியது எவ்வாறு? அரங்கம் கட்டியபின் ஆட்டம் வந்ததன்று. தெருவில் ஆட்டம் வளர்ந்தபின் அரங்கம் வந்தது. மதுரையில் அரங்கம் முன்னே வந்துவிட்டது. தெருவில் ஆட்டத்தை வளர்ப்பதே இனி நம் வேலை. வளர்க்காவிடின், நீர்வற்றிய ஊரில் நீராழி மண்டபம் கட்டியதுபோல் அஃது ஆகிவிடும்.

கிறிஸ்தவக் கல்லூரி மாணவராகிய நமக்கு இதில் தனிப்பட்டதொரு பொறுப்பு உண்டு என யாம் எண்ணுகிறோம். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் இந்திய அணிக்குத் தலைமைதாங்கியவர் ஜெய்பால் சிங். அவர் சோட்டாநாகபுரிக் காட்டகத்து முண்டாப் பழங்குடியிற் பிறந்தவர். இராஞ்சியில் மிஷன் பள்ளியிற் பயின்று, ஆக்ஸ்போர்டு சென்று, அங்கே இவ்வாட்டத்திற் சிறந்தவர். பின்னர் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்து பழங்குடி மக்களுக்காக வாதாடியவர். அப்பகுதியைச் சேர்ந்த சிம்டேகா, ஒடிசாவின் சுந்தர்கர் ஆகிய மாவட்டங்களில், மிஷன் பள்ளி முற்றங்களிலும் கோயில் வெளிகளிலும் வளைகோற்பந்து வேரூன்றியது. மரக்கிளையையும் மூங்கிலையும் கோலாக வளைத்துக்கொண்டு சிறுவரும் சிறுமியரும் ஆடுவர். வென்ற ஊருக்கு ஓர் ஆட்டுக்கடா பரிசு. 1975 உலகக்கோப்பை வென்ற அணியில் ஆடிய மைக்கேல் கிண்டோ அவ்வழி வந்தவர். 2025 போட்டி நடந்தபோது இந்திய ஹாக்கிச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த திலீப் திர்க்கி அவ்வழி வந்தவர். 2024இல் இந்திய மகளிர் அணிக்குத் தலைமையேற்ற சலீமா டேட்டே அவ்வழி வந்தவர். ஒரு பாதிரியாரின் மனத்திலும் ஒரு பள்ளியாசிரியர் கையிலும் இருந்த கோல், காட்டூர்ப் பிள்ளைகளை உலகக் களத்திற்குக் கொண்டுசென்றது.

நம் தென்னாட்டிலும் அத்தகைய தொண்டு நிகழ்ந்துளது. கூடைப்பந்தாட்டம் 1891இலும், கைப்பந்தாட்டம் 1895இலும் அமெரிக்க நாட்டில் ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாராற் படைக்கப்பட்டன. அச்சங்கத்தைச் சேர்ந்த ஹாரி குரோ பக் என்பார் 1920இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்குத் துணையாகவும் சென்றார். அங்குப் பயின்ற ஆசிரியர் பலர் வழியாகவே இவ்விளையாட்டுக்கள் நம் பள்ளிகளிற் பரவின. இவற்றைக் கொணர்ந்தோர் கருதியது வெற்றிக்கோப்பைகளையல்ல. குளிர்காலத்தில் கூரையின்கீழ் அனைவரும் ஆடத்தக்கதாக, முரட்டுத்தனம் குறைந்ததாக ஓர் ஆட்டம் வேண்டும் என்பதே கூடைப்பந்தைக் கண்டவர் கருத்து. 'அனைவரும்' என்னும் அச்சொல்லே அவர் நமக்கு விட்டுச்சென்ற உடைமை.

அவ்வுடைமையை நாம் காத்துவருகிறோமா? கல்லூரிகள் பலவற்றின் நிலையைப் பொதுவாகக் கூறின், ஆடுவோர் சிலர், ஆரவாரிப்போர் பலர் என்பதே உண்மை. அணியில் இடம்பெற்றோர்க்குச் சீருடையும் சிற்றுண்டியும் உண்டு. ஏனையோர்க்குக் களத்தின் ஓரத்தில் நிழலுண்டு. நாள்தோறும் ஊரிலிருந்து வந்து மீளும் மாணவன், மாலைப் பேருந்தை விட்டால் இரவில் வீடு சேர்தல் அரிது. பயிற்சி தொடங்கும் நேரமோ அவன் பேருந்து புறப்படும் நேரம். ஆதலின் ஆடுதற்கு விருப்பமும் வலிமையும் உடைய அவன், மூன்றாண்டும் களத்தில் ஒருமுறையேனும் இறங்காமற் பட்டம்பெற்றுப் போகின்றான். மாணவியர் நிலை இதனினும் கடிது. இவர்களே நம்மிடையே உள்ள ஓமானியர், அழைத்தால் தோற்பினும் வந்து ஆடுவர், அழைப்பார்தாம் இல்லை.

குறைகூறி ஒழிதல் கற்றோர்க்கு அழகன்று. ஆகவே யாம் மூன்று முறையீடுகளை மாணவர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகிய முத்திறத்தார் முன்னும் வைக்கின்றோம்.

முதலாவது, வகுப்புகளுக்கிடையே நடக்கும் போட்டிகளில் மதிப்பெண் வழங்கும் முறையை மாற்றுதல். வென்ற வகுப்பிற்கு மட்டுமன்றி, தன் மாணவருள் மிகுதியானோரைக் களத்தில் இறக்கிய வகுப்பிற்கும் ஒரு கேடயம் வேண்டும். கிழமைக்கு ஒரு பாடவேளை, கதிரவன் சாய்வதற்கு முன்னரே, அனைவர்க்கும் விளையாட்டுக்கென ஒதுக்கப்படுதல் வேண்டும். அங்ஙனமாயின் பேருந்துக்கு அஞ்சுவோரும் ஆடுவர். மாணவியர்க்கும் அதேயளவு நேரமும் அதேயளவு நிலமும் உரியவாதல் வேண்டும்.

இரண்டாவது, அண்டைக் கல்லூரிகளோடு பரிசில்லாத நட்புப் பந்தயங்கள் திங்கள்தோறும் நடத்துதல். முதற்பாதியில் கல்லூரிக்குக் கல்லூரி எதிராகவும், பிற்பாதியில் இருகல்லூரியாரையும் கலந்து இரண்டணியாக்கியும் ஆடுக. ஆடியபின் ஒரே பந்தியில் அமர்ந்து உண்க. நேற்று எதிர்நின்றவனோடு இன்று ஒருபுறம் நின்று ஆடியவன், நாளை அவனைக் கல்லெறிய மாட்டான். கல்லூரிகளுக்கிடையே போட்டியின்பின் எழும் பூசல்களைக் காவலரைக் கொண்டு தடுப்பதினும் இவ்வழி எளிது, செலவுங் குறைவு.

மூன்றாவது, பழைய மாணவர்க்குரியது. மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்ப் பள்ளிகளுள் தாம் பயின்ற பள்ளி ஒன்றினை ஒவ்வொருவரும் நினைவிற்கொள்க. அப்பள்ளிக்குப் பத்து வளைகோலும் சில பந்தும் வாங்கித் தருதல், கூட்டாகச் செய்தால் அரியதன்று. கல்லூரி மாணவராகிய நாம் சனிக்கிழமைகளில் சென்று பழக்குவோம். அவ்வாறு பழகிய பிள்ளைகளைப் புதிய அரங்கில் ஆடவிடுமாறு, அதனைப் பேணும் அதிகாரிகளை யாவருங்கூடி வேண்டுவோம். பெரும்போட்டி இல்லாத நாட்களில் அத்தளம் வெயிலிற் காய்ந்து கிடப்பதனால் யாருக்கு என்ன ஊதியம்? பள்ளிப்பிள்ளைகளின் காலடியாற் களம் தேயுமென்பர் சிலர். தேயட்டும். தேயாத களத்தினும் தேய்ந்த களமே பயன்பட்ட களம்.

இம்மூன்றனுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதின்று, மனமே வேண்டும். கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய நிருபத்தில் பவுலடிகளார் ஓட்டப்பந்தயத்தை உவமை கூறியது நாம் அறிந்ததே. அந்நகரத்தின் அருகில் பெரும் விளையாட்டு விழாக்கள் நடந்தமையால் அவ்வுவமை கேட்போர் மனத்தில் எளிதிற் பதிந்தது. அழிந்துபோகும் முடியை நாடி ஓடுவோரைச் சுட்டி, அழியாத முடியை நாடுக என்று அவர் உணர்த்தினார். 2025இல் மதுரையில் ஆடியோர் பெற்ற கோப்பைகளும் ஒருநாள் ஒளிமங்கும். எத்தனை கோல் என்பதும் மறந்துபோகும். மேலூர்ப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி முதன்முறையாகக் கோலைப் பிடித்துப் பந்தை அடித்து, அது வலைக்குட் சென்றபோது அடைந்த உவகை மறந்துபோகாது. தொல்காப்பியனார் நான்காவதாக எண்ணிய அவ்வுவகையை நம் ஊரார் அனைவர்க்கும் பகிர்ந்தளிப்போமாக. வல்லார் வந்து ஆடுக. மெலியாரும் வந்து ஆடுக. வாராது நின்ற அயலாரும் என்றேனும் வருக. எல்லாம்வல்ல இறைவன் இம்முயற்சிக்குத் துணைநிற்பானாக.